மேட்டில் ஐந்து விநாடி

மார்ச் 4, செவ்வாய்

மச்சினன் தன் பைக்கை என் பட்டறையில் விட்டுப் போயிருக்கிறான். வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. "மாமா, சத்தம் கேட்டாலே நாலு பேர் திரும்பிப் பாக்கணும். பிக்கப்பும் ஏறணும். உங்க கை பட்டா ஆகாதா என்ன?" என்றான். ஆகும்டா ராசா என்றேன். பெண்டாட்டி வீட்டில் என்னை ஓர் ஆளாக மதிக்கிற ஒரே ஜீவன் அவன்தான். மாமனார், நான் சாப்பிட உட்கார்ந்தால் இன்னமும் முதலில் என் நகத்து கிரீஸைத்தான் பார்ப்பார்.

மார்ச் 7, வெள்ளி

சைலன்சரின் பின்பக்கத்தை அறுத்தேன். உள்ளே தடுப்புத் தகடுகள், துளைக் குழாய். அத்தனையையும் உருவிவிட்டு நேர்க்குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன். வெல்டிங் பிரமாதமாக வந்தது, என் வேலையை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான். கிளப்பினேன். அடேயப்பா! எதிர்த் துணிக்கடைக்காரர் கையில் அளவுகோலோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

மார்ச் 8, சனி

எந்த வண்டியைப் பிரித்து மூட்டினாலும் தண்ணீர்த்தொட்டி மேட்டில் விரட்டிப் பார்ப்பது என் வழக்கம். அடியிலிருக்கும் மின்கம்பத்திலிருந்து மேலே இரும்புக் கதவு வரை, மூன்றாவது கியரில், கடிகாரத்தைப் பார்த்தபடி. செவ்வாய்க்கிழமை, கை வைப்பதற்கு முன், இருபத்தாறு விநாடி. இன்று முப்பத்தொன்று. மறுபடி போனேன். முப்பத்தொன்று. மூன்றாம் தடவை முப்பத்திரண்டு.

சத்தம் ஏறியிருக்கிறது, இழுவை இறங்கியிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாதா? புகை போகிற வழியை இஷ்டத்துக்குத் திறந்துவிட்டால் உள்ளே வருகிற பெட்ரோல், காற்றின் அளவும் மாற வேண்டும். கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும், குழாயின் நீளத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அவன் நாளைக்கே வருகிறான்.

மார்ச் 9, ஞாயிறு

தனியாக வரவில்லை. ஆபீஸ் சிநேகிதர்கள் நான்கு பேர், கூடவே மாமனார். வண்டியைக் கிளப்பியதும் ஒரே கைதட்டல். ஒரு சுற்று போய்விட்டு வந்தான், முகமெல்லாம் பல். "பறக்குது மாமா! முன்ன இருந்ததுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

பாவி, காது சொன்னதை நம்பிவிட்டான்.

"பிக்கப் எவ்வளவு கூடியிருக்கும்?" என்று ஒரு சிநேகிதன் என்னைத்தான் கேட்டான். உண்மை வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து மாமனார், "நம்ம மாப்பிள்ளை கைராசிக்காரர்தான்பா" என்றார். பத்து வருஷத்தில் முதல் தடவை. கூட நின்ற என் பெண்டாட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் சொன்னேன்: "கூடியிருக்கு. நல்லாவே கூடியிருக்கு."

ஒரு வாரம் ஓட்டட்டும். அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைத்துச் சரிசெய்துவிடலாம்.

மார்ச் 17, திங்கள்

வரவழைக்கவில்லை. வேலை இருந்தது. (யாரிடம் கதை விடுகிறேன்?)

மார்ச் 20, வியாழன்

அந்தச் சிநேகிதர்களில் ஒருவன் தன் வண்டியைக் கொண்டுவந்தான். அதே மாதிரி வேண்டுமாம். கை நிறைய வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். ஊரான் பிள்ளை வண்டியில் செய்யப் பயம். அப்படியென்றால் எனக்குத் தெரிந்துதானே இருக்கிறது?

மார்ச் 25, செவ்வாய்

மச்சினன் விழுந்துட்டான். லாரியைத் தாண்டப் போயிருக்கான். கால் முறிஞ்சிருக்கு, இடுப்பில அடி. உயிருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னார். ரெண்டு தடவை கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னார்.

மார்ச் 26, புதன்

ஆஸ்பத்திரியில் அவனே நடந்ததைச் சொன்னான். "எப்பவும் தாண்டுற தூரம்தான் மாமா. நல்லா முறுக்கினேன், சத்தமும் வந்துச்சு. தாண்டிருவேன்னுதான் நெனச்சேன். எதிர்ல வந்த வேன் ரொம்ப வேகமா வந்திருக்கணும். என் கணக்குதான் தப்பு."

மாமனார் அவனை விடவில்லை. "மாப்பிள்ளை அவ்வளவு நல்லா செஞ்சு குடுத்த வண்டியை இப்படிக் கொண்டுபோய் நொறுக்கிட்டியேடா!"

நான் என்ன செய்தேன்? அவன் தலையணையைச் சரிசெய்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஐந்து விநாடி. ஒரு லாரியைத் தாண்ட வேறென்ன வேண்டும்? சே, என்ன பிறவி நான்!

ஏப்ரல் 2, புதன்

நொறுங்கின வண்டியை என்னிடமே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். முன்பக்கம் அப்பளமாகியிருக்கிறது. சைலன்சரில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன்.

சாயங்காலம் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தெரிஞ்சேவா குடுத்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு, "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போனேன். மாமனார் வீட்டில் சாப்பிட்டேன். வந்துவிட்டேன். கோழை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மச்சினன் மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தான். கதவைச் சாத்திவிட்டு ஒரே மூச்சில் சொன்னேன்: மேடு, கடிகாரம், முப்பத்தொன்று, எல்லாவற்றையும். அவன் கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்களே, அதனாலயா மாமா?"

"ஆமாண்டா."

"என்கிட்ட மட்டும் தனியா சொல்லியிருக்கலாமே. ஒரு போன் பண்ணியிருந்தா, மெதுவாத்தானே ஓட்டியிருப்பேன்."

மன்னிச்சுக்கடா என்றேன். அழுகை வந்துவிட்டது, நாற்பத்திரண்டு வயதில். அவன்தான் என் கையைப் பிடித்தான். "விடுங்க மாமா. அப்பாகிட்ட வேணாம், தாங்க மாட்டார்."

கூடத்துக்கு வந்து மாமனாரிடமும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வண்டி முடிந்தது. கம்பெனி சைலன்சரே புதிதாகப் போட்டேன். மேட்டில் இருபத்தாறு. நான்கு தடவை பார்த்தேன், நான்கும் இருபத்தாறு.

ஜூன் 15, ஞாயிறு

மச்சினன் கைத்தடியோடு வீட்டுக்கு வந்தான். என் மகளுக்குத் தடியை வைத்துக் கோமாளி நடை நடந்து காட்டினான். என்னிடமும் பழைய மாதிரிதான், மாமா மாமா என்று. "என்ன மாமா, ஒரேயடியா சாமியார் ஆயிட்டீங்க, வாயே திறக்கிறதில்ல?" என்று கிண்டல் வேறு. மன்னித்துவிட்டான். அவன் மனசு எனக்கு வருமா?

ஜூலை 21, திங்கள்

இன்று வண்டியை எடுத்துக்கொள்ள வந்தான். தடி இல்லை, லேசாக இழுத்து நடக்கிறான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "புதுசு மாதிரி பண்ணிட்டீங்களே" என்று தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினான். தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன்.

மத்தியானம் செயின் வாங்க உதிரிப்பாகக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே இன்னொரு பட்டறை வாசலில் அவன் வண்டி நின்றது. அந்த மெக்கானிக் குனிந்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சினன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அந்தக் காலோடு எழுந்து நின்றுவிட்டான்.

"சும்மா... ஒரு தடவை பாத்துக்கலாம்னுதான் மாமா."

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. தப்புச் செய்தவன் நான், கூசி நிற்கிறவன் அவன்.

"நல்லதுடா. பின் பிரேக்கையும் ஒரு தடவை பாக்கச் சொல்லு" என்றேன். உட்காரு, உட்காரு என்று அவனை உட்காரவைத்தேன். செயின் வாங்க மறந்து வெறுங்கையோடு பட்டறைக்குத் திரும்பினேன்.