விரத நாளில் வந்த சாமி

தெருக்கோடியில் பம்பைச் சத்தம் கேட்கிறது. ஆடி வெள்ளி. கற்பூரப் புகை சன்னல் வழியாக உள்ளே வந்ததும் அதன் கதவைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

பீங்கான் கம்பெனியில் நீயும் நானும் ஒரே மேசையில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசினோம். ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தில் உனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கண் நிலைகுத்தி, வாய் குழறியது. உன் மாமியார் உன் காலிலேயே விழுந்துவிட்டார். "அம்மா வந்துட்டா!" அதிலிருந்து வெள்ளிதோறும் உன்னைப் பட்டினி போட்டார்கள். மங்கலம்பேட்டைப் பக்கமிருந்துகூட ஆட்கள் குறி கேட்க வந்தார்கள். தெளிந்தபின் உனக்கு எதுவும் நினைவிருக்காது.

பிறகு கம்பெனியிலேயே விழுந்தாய். ஆட்டோவில் தூக்கிப்போனோம். ரத்தத்தில் சர்க்கரையே இல்லை என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, "என்னாடி, எழவு வூட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க?" என்று சிரித்தாய். டாக்டர் சிரிக்கவில்லை. புதுச்சேரிக்கு அனுப்பினார்.

அங்கே கண்காணிப்பில் வைத்து, சாப்பாட்டை நிறுத்தி, விட்டுவிட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இறங்கிய பிறகும் உனக்கு இன்சுலின் அடங்கவில்லை. ஸ்கேனில் பார்த்தால் கணையத்தில் வேர்க்கடலை அளவு ஒரு கட்டி.

"அதுதான் தேவையில்லாம இன்சுலின் சுரக்குதும்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாப் போயிடும். அதுவரைக்கும் பட்டினி மட்டும் கூடாது."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையை விடவில்லை நீ. "எனக்குப் பைத்தியமும் இல்ல, சாமியும் இல்லடி. வெறும் கட்டி!" அவ்வளவு சந்தோஷத்தில் உன்னை நான் பார்த்ததே இல்லை.

"சாமிய அறுத்து எடுக்கவா சொல்றீங்க?" என்றார் உன் மாமியார். உன் புருஷன் தரையைப் பார்த்தபடி, "ஆடி முடியட்டும்" என்றார்.

கடைசி வெள்ளியன்று நீ எடுத்துச் சாப்பிட்டுவிடுவாய் என்று அடுப்படியைப் பூட்டினார்கள். வேலைக்கு நீ வராததைப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தேன். "விரதத்தக் கெடுக்காத!" என்று வாசலிலேயே இரண்டு பெண்கள் என்னை மடக்கிப் பிடித்தார்கள். சொம்பு உருண்டது. உள்ளே உனக்கு வலிப்பு வந்து, கால்கள் தரையை அடிக்கத் தொடங்கின. "இன்னைக்கு உக்கிரமா வந்திருக்கா" என்று பம்பையை இன்னும் வேகமாக அடித்தார்கள். பம்பை ஓய்ந்தபோது உனக்கு மூச்சில்லை.

இப்போது உன் படத்துக்கு மஞ்சள் பூசிச் சாமியாக்கிவிட்டார்கள். பொங்கலும் வடையும் படைக்கிறார்கள். வலிப்பு வருமுன் வாசல் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து நீ ஏதோ குழறினாய். அதை அருள்வாக்கு என்றுதான் இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். எனக்குத் தெளிவாகவே கேட்டது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்கிறது.

"பசிக்குதுடி."