ஏழாவது கம்பெனிச் சட்டை

ஆவணி 9, சனிக்கிழமை.

என் மனைவியின் தம்பி கன்னியப்பனுக்கு இன்றோடு ஏழாவது வேலையும் போயிற்று. பந்து ஆடுகிறவனுக்குக் கம்பெனிகள் வேலை கொடுப்பது ராயபுரத்து வழக்கம். கால் ஓடும்வரை கிடங்கில் ஒரு ஸ்டூல் உண்டு. முப்பத்தைந்து வயதுக்காரனை இருபத்தெட்டு என்று புளுகி, நான் குமாஸ்தாவாக இருக்கும் எண்ணெய்க் கம்பெனியில் போன மாதம்தான் சேர்த்துவிட்டேன்.

இன்றைய ஆட்டம் கயிறு கம்பெனியோடு. அங்கே நான்கு வருஷம் மஞ்சள் சட்டை போட்டு ஆடியவன் இவன். இரண்டாம் பாதியில் பந்து காலுக்கு வந்ததும் தலையைத் தூக்கினான். மஞ்சள் சட்டை தெரிந்தது. பழக்கதோஷத்தில் அதற்கே அனுப்பிவிட்டான். அவர்கள் கோல் போட்டார்கள். இவன் ஓடிப்போய்க் கட்டியும் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாமு, எந்தக் கம்பெனிக்கு ஆடிகினுகீறே?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் கம்பெனி வெள்ளைக்காரத் துரை இவனைச் சட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"வுடு மாமா. பாஸ் எப்டி இருந்திச்சி, அத்தச் சொல்லு" என்றான்.

நாலு பேருக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் போன பந்து அது. அதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டிய எண்ணெய்க் கம்பெனி ஆள் மைதானத்தில் ஒரே ஒருவன்தான். துரை திரும்பி அவனைத்தான் பார்த்தார். திங்கட்கிழமை காலை நான் ஆபீசுக்குப் போயாக வேண்டும்.