கட் சொல்லும் வரை

அடி வாங்கியே எங்களுக்குச் சோறு போட்ட என் தங்க அண்ணனுக்கு,

நீ போன பிறகு அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். நம் வீட்டுக்கும் கேபிள் வந்துவிட்டது. உன்னை வெட்டுகிற படம் ஓடும்போதெல்லாம், எடுத்த இடத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைப்பேன். போன வாரம் அந்தத் தாளோடு தனியாகவே பஸ் ஏறிவிட்டேன்.

கீழப்பழுவூர் பக்கத்துப் புளியமரத்தில் உன்னைத் தலைகீழாகக் கட்டி உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். கல்லங்குறிச்சிச் சோளக்காட்டில் துரத்தி முதுகில் வெட்டினார்கள். இரண்டு இடத்திலும் நின்று பார்த்தேன். புளியமரத்தில் எவனோ டியூஷன் போர்டு ஆணியடித்திருந்தான். வந்த ஆத்திரத்தில் அதைப் பிய்த்து எறிந்தேன்.

கடைசி இடம் அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரி. ஏழு வருஷமாக அந்தப் பக்கமே போகாதவள். உள்ளே இறங்கக் கால் வருமா என்றுதான் பயம்.

வாட்ச்மேன் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தார். "ஷூட்டிங் எடுத்த எடம் பாக்க வந்தீங்களா? அந்தா, அந்த மேட்டுலேருந்துதாங்க ஒருத்தன் விழுவான். என்னமா கத்துவான்! அதுல்ல நடிப்பு!"

சட்டையைப் பிடித்து அவர் கன்னத்தில் அறைந்துவிட்டேன். "நடிப்பா? எங்கண்ணன்யா அது! இடுப்புல கட்டுன கயிறு அறுந்து செத்தே போயிட்டான்யா!"

பொத்தான் தெறித்தது. பாவம், அவர் திருப்பி அடிக்கவில்லை. "தெரியாதும்மா" என்று வழிவிட்டார்.

நீ விழுந்ததற்கு முந்தின நாள் நடந்தது நினைவிருக்கிறதா? உனக்குச் சோறு கொண்டுவந்தவள், ஹீரோ உன் வயிற்றில் உதைப்பதைப் பார்த்ததும் கேமரா முன்னால் ஓடி, தூக்குவாளியால் அவர் மண்டையில் ஒன்று போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் என்னை ஓரமாக இழுத்துப்போனாய். "மானத்த வாங்கிட்டியேடி! நான் செத்தே விழுந்தாலும் கட் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

மறுநாள் விழுந்தாய். வெள்ளைக் கல்லெல்லாம் ரத்தம். சாயம் என்று நினைத்தேன். "செல்வி!" என்று கத்தினாய். அப்போதும் நான் அசையவில்லை. நன்றாகச் செய்கிறாய் என்று டைரக்டரும் கேமராவை ஓடவிட்டார். அவர் கட் சொல்லி நான் ஓடிவந்தபோது நீ அடங்கியிருந்தாய்.

அதை அப்படியே படத்தில் வைத்தார்கள், படுபாவிகள். குரலை மட்டும் மாற்றினார்கள். டிவியில் உன் உதடு இன்னும் என் பெயரைத்தான் சொல்கிறது. ஏண்ணே, இப்படி ஒரு சத்தியமா வாங்குவாய்?

இறங்கிவிட்டேன் அண்ணே. சறுக்கி முழங்கால் கிழிந்தது. நீ கிடந்த இடத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அதைக் கேட்டு, பொத்தான் போன சட்டையோடு அந்த வாட்ச்மேன் விழுந்தடித்து இறங்கி வந்தார். "என்னாச்சும்மா? அடிபட்டுருச்சா?"

நான் அவரை அறைந்து அரைமணிகூட ஆகவில்லை.

உனக்குச் செய்த சத்தியத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். இனி எவன் கத்தினாலும் ஓடுவேன். நடிப்பாக இருந்தால் என் மானம் போகட்டும்.

அன்றைக்கு நாற்பதடி தூரத்தில் அசையாமல் நின்ற
உன் தங்கச்சி
செல்வி