ஆடாதொடை இலையில் டானின்

ஜனவரி 18, வியாழன்

ஃபெரிக் குளோரைடு விட்டதும் காய்ந்த ஆடாதொடை இலைச் சாறு பச்சைக் கறுப்பாகிவிட்டது. டானின், அந்தத் துவர்ப்புச் சத்து! இந்த இலையில் இவ்வளவு டானினா என்று என் ஆய்வு கைடு மேடத்துக்கே ஆச்சரியம். திருச்சி கருத்தரங்கில் என்னையே பேசச் சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னதும் அப்பா, "தெனம் எலையத் திருப்பிப் போட்டு காய வச்சது நான்தானே? எனக்கும் பங்கு குடு" என்றார். சிரித்தேன்.

ஜனவரி 22, திங்கள்

பேச்சுக்குப் படம் வேண்டுமே என்று பச்சை இலையைக் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இலைத்துளைகள், தூண் மாதிரி நெருக்கி நிற்கும் செல்கள், படிகங்கள், எல்லாம் அழகு. அதே மருந்தை விட்டேன். ஒரு செல்கூடக் கறுக்கவில்லை. பச்சை இலையில் இல்லாதது காய்ந்த இலையில் எங்கிருந்து வந்தது?

ஜனவரி 23

காய்ந்த இலை ஒன்றை முழுசாக நனைத்தேன். ஓரத்தில் மட்டும் கறுப்பு. நீள்வட்டமாக, வரிவரியாக.

கட்டைவிரல்.

அப்பாவுக்கு தோல் பதனிடும் டேனரியில், டிரம்மில் மரப்பட்டைப் பவுடர் கொட்டும் வேலை. அது முழுக்க டானின். வந்ததும் கைகூடக் கழுவாமல் இலையைத்தான் பார்ப்பார். ஐயோ, இது ஏன் எனக்குத் தோணல? லூசு, லூசு.

ஜனவரி 24

உலர்த்தும்போது அழுக்குப் பட்டுவிட்டது என்று மேடத்திடம் சொன்னேன். யார் கை என்று சொல்ல வாய் வரவில்லை. "திருச்சிக்கு வேற ஆளைப் பார்க்கிறேன். நீ முதல்லேருந்து பண்ணு" என்றார். திருச்சி போகட்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 27

புது இலையை உள்ளறையில் பரப்பிப் பூட்டினேன். அப்பா பூட்டையே பார்த்தார். "இன்னாம்மா, தோல் வேலை செய்றவன் தொடக்கூடாதா?"

செத்துடலாம் போல இருந்துச்சு. வெளியில எவன் எவனோ அவரை அப்படி நடத்துனது போதாதா? நானுமா?

பழைய இலை ஒன்றை எடுத்து அவர் எதிரிலேயே மருந்தை விட்டேன். கறுத்த ரேகைக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். "அப்போ உன் திருச்சி என்னாலதான் போச்சா?" ஆமாம் என்று சொல்லி அழுதேன். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 28

அப்பா உள்ளறைப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு, நாள் முழுக்க வீட்டில்தான்.

ஜனவரி 29

வேலை விட்டு வந்ததும் நேரே குழாயடி. சோப்பு, புளி, மறுபடி சோப்பு. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டினார். "உன் மருந்த விட்டுப் பாரு."

"கைல விடக்கூடாதுப்பா. புது எலை ஒண்ணப் புடி."

பிடித்தார். விரல் பட்ட இடத்தில் சொட்டு விட்டேன். கறுக்கவில்லை.

"பாஸா?"

உள்ளறையைத் திறந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

புது இலையில் டானின்: இல்லை. ஆய்வேட்டில் உலர்த்திய முறையை எழுதிவிட்டேன். "தினமும் மாலையில், சோப்பால் கழுவிய கைகளால் இலைகள் திருப்பப்பட்டன."

மேடம் அந்த வரியில் நிறுத்தி, "யார் கை?" என்றார்.

எங்க அப்பா கை என்றேன்.