பேருந்து நிலையத்தில் ஒரு தோட்டம்

ரிப்பிள்டன்,
பிப்ரவரி 4

ஹெப்பிள் கட்டட இடிப்பு நிறுவன உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூடிக் கிடக்கும் பழைய பேருந்து நிலையத்தைப் பொதுத் தோட்டமாக்கிக்கொள்ள நகராட்சி எங்களுக்கு அனுமதி தந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. சும்மா இருக்கிற நாளில் மண்வெட்டியோடு வருகிறவர்கள். ரொட்டிக்கடை பன் தருகிறது, மருந்துக்கடை கையுறை தருகிறது, வங்கி தன் பெயர் போட்ட தொப்பி தருகிறது. தொப்பியை வைத்துக் காங்கிரீட்டை உடைக்க முடியாது. அதற்கான இயந்திரம் இந்த ஊரில் உங்களிடம்தான் இருக்கிறது. தந்து உதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிளென்டா ஹெப்பிள்
செயலாளர், பொதுத் தோட்டக் குழு

பி.கு.: குழு எழுதச் சொன்னது. நானாக எழுதவில்லை.

•

பிப்ரவரி 9

அன்புள்ள செயலாளர் அம்மா,

நலம், நலமறிய ஆவல். நான் வீட்டை விட்டு இந்த அலுவலக மாடிக்கு வந்து நாலு வருடமாகிறது. இத்தனை நாளில் என் மனைவியிடமிருந்து ஒரு வரிகூட வந்ததில்லை. வந்த முதல் கடிதமும் ‘உரிமையாளர் அவர்களுக்கு’. போகட்டும், மரியாதை கிடைத்ததே.

ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் வரும், கூடவே ஆட்களும். ஒரே நிபந்தனை: தோட்டத்தின் நடுவே என் நிறுவனத்தின் பெயர்ப்பலகை. எட்டடி உயரம்.

உன்,
நார்மன்

•

பிப்ரவரி 20

நார்மன்,

எட்டடியா? தோட்டம் போடுகிறோமா, உனக்குச் சிலை வைக்கிறோமா? உதவிய எல்லாக் கடைகளின் பெயரும் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில் வரும். ரொட்டிக்கடைக்குக் கீழே நீ.

உன் ஆட்கள் நன்றாக வேலை செய்தார்கள். தெரு முழுக்கத் தூசி. முதல் காங்கிரீட் பாளம் பெயர்ந்ததும் அடியில் கறுப்பாக ஈர மண். எங்கள் தலைவி வினிஃப்ரெட் மண்டியிட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். “அடி கிளென்டா, இத்தனை நாள் இதுக்கு மேலயா பஸ்ஸுக்கு நின்னோம்!” என்றாள்.

உன்னைக் காணோமே என்று சிலர் கேட்டார்கள்.

கிளென்டா

•

மார்ச் 15

நார்மன்,

எல்லாம் கெட்டுப்போகும்போல இருக்கிறது. எதிரே புதிதாக வந்திருக்கிற பெரிய அங்காடிக்காரர்கள் செடி, பெஞ்சு, தண்ணீர்க் குழாய் எல்லாம் நாங்களே தருகிறோம் என்கிறார்கள். பதிலுக்குப் பாதி இடம் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் கார் நிறுத்த வேண்டுமாம். குழுவில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். “பாதித் தோட்டமாவது கிடைக்குதே” என்று வினிஃப்ரெட்டே சொல்கிறாள். வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவு. உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

கிளென்டா

•

மார்ச் 21

அன்புள்ள நார்மன்,

நீ கூட்டத்துக்கு வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. அதுவும் அந்த அழுக்குச் சட்டையோடு.

“உடைக்கிறதுதான் என் பொழப்பு. ஆனா உடைச்ச இடத்துலயே திரும்பக் காங்கிரீட் போடவா எங்க ஆளுங்க ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு வந்தாங்க?” என்று நீ கேட்டாய். அந்த அங்காடி மேலாளர் எழுந்து, “அப்ப எங்க கஸ்டமருங்க காரை எங்க சார் நிறுத்துவாங்க?” என்றாரே, அவரைப் பார்த்து நீ, “என் ஆபீஸ் பக்கத்துல லாரிங்க நிக்கிற இடத்துல நிறுத்துங்க. நான் லாரிங்கள ஊருக்கு வெளியே கொண்டுபோயிடறேன். காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்துக்கறேன், அவ்வளவுதானே!” என்றாய். வினிஃப்ரெட் முதலில் கை தட்டினாள். முழு இடமும் தோட்டத்துக்கே. அங்காடி தருவதாகச் சொன்னதையும் தருகிறது.

நம் வீட்டில் நீ ஒருநாளும் இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

களை பிடுங்க ஆள் போதவில்லை. சனிக்கிழமைகளில் வர முடியுமா? நிறுவனம் அல்ல, நீ.

கிளென்டா

•

ஜூன் 16

அன்புள்ள கிளென்டா,

லாவண்டரைப் பிடுங்கியதற்கு மறுபடி மன்னிப்பு. பூ விடுவதற்கு முன் அது களை மாதிரிதான் இருந்தது. “ஹெப்பிள், நீங்க உரம் மட்டும் சுமங்க, போதும்” என்று வினிஃப்ரெட் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சுமக்கிறேன். முதுகு வலிக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமையே கால் அங்கே போகத் துடிக்கிறது.

நேற்று நீ குழாயடியில் இருந்தபோது, பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் புதுசு. உன்னைக் காட்டி, “அங்க எல்லாரையும் அதட்டிக்கிட்டிருக்காங்களே, அவங்க உங்க வீட்டுக்காரம்மாவா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொன்னது தப்பா?

உன்,
நார்மன்

•

ஜூன் 18

அன்புள்ள நார்மன்,

தப்பில்லை. ஆனால் நான் யாரையும் அதட்டவில்லை. சத்தமாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பொரிக்கிறேன். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வா.

கிளென்டா