நான் கழுவும் தட்டு

கணவருக்கு ('அன்புள்ள' என்று போட இன்று மனசு வரவில்லை),

நான் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நாக்குக்கு ஒரு குறையும் இல்லை என்று தங்கை சொன்னாள். "எங்க மருமக வெளிநாட்டுல தட்டு கழுவுறா" என்று கல்யாண வீட்டில் சொன்னார்களாம். பக்கத்தில் நின்று நீங்கள் சிரித்தீர்களாம்.

கிளம்பும்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டேன்: "பூமி முழுக்கப் பெரிய பெரிய பாறைத் தட்டுங்க. கண்டமெல்லாம் அதுமேலதான் உட்கார்ந்திருக்கு. அது நகர்றதை அளக்குற வேலைங்க." உங்கள் காதில் 'தட்டு' மட்டும் விழுந்திருக்கிறது.

நீங்கள் இருக்கும் தட்டும் நான் இருக்கும் தட்டும் வருஷத்துக்கு நகம் வளரும் அளவுதான் விலகுகின்றன. நம்மைவிட அவை எவ்வளவோ நிதானம்.

முந்தாநாள் இங்கே தரை லேசாக ஆடியது. பயப்பட ஒன்றுமில்லை. அலமாரியிலிருந்து என் பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது, அவ்வளவுதான். இந்த ஊரில் நான் கழுவிய ஒரே தட்டு அதுதான். இப்போது பாத்திர மூடியில் போட்டுச் சாப்பிடுகிறேன்.

அங்கே நான் சாப்பிடும் எவர்சில்வர் தட்டைப் பார்சலில் போடுங்கள். யாராவது அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிட்டு எழுந்திருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. தட்டை அத்தையிடம் கொடுக்காதீர்கள். நீங்களே கழுவி அனுப்புங்கள்.