திருத்திய முடிவு

1991 நவம்பர் 16, சனி

இன்று தமிழ்ப் பள்ளியில் ஒரு பழைய அமெரிக்கச் சிறுவர் கதையைத் தமிழாக்கிப் பிள்ளைகளுக்கு வாசித்தேன். எழுதியவள் கணவனைக் கடலில் பறிகொடுத்தவள். அவளுடைய கதையிலும் கப்பலில் போன தகப்பன் திரும்பி வருவதில்லை. அவள் பிள்ளைகளிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் தமிழில் எழுதும்போது அந்தத் தகப்பனைக் கரை சேர்த்தேன். பிள்ளைகள் அழக்கூடாதே என்று.

முடிந்ததும் அபிராமி கேட்டாள். "ரீச்சர், அப்ப என்ர அப்பாவும் வருவாரோ?" அவரை ஊரில், மன்னாரில், ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடம்; இன்னும் ஒரு தகவலும் இல்லை. "ஓம், வருவார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பின்னேரம் அவளுடைய தாய் போன் எடுத்தார். "ரீச்சர், இவரைப் பற்றி ஏதும் தகவல் வந்ததோ? அவர் வருவாரெண்டு நீங்கள் சொன்னதாப் பிள்ளை சொல்லுறாள்." அது வெறும் கதை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கு நேரில வந்து சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. நல்ல செய்தியென்றால் போனிலேயே கத்திச் சொல்லிவிடுவோம். சாவுச் செய்திக்குத்தான் எங்கள் ஆட்கள் நேரில் போவார்கள். அது அந்தத் தாய்க்கும் தெரியும்.

திரும்ப அவருக்கு மூன்று தரம் போன் எடுத்துப் பார்த்துவிட்டேன். மணி அடிக்கிறது. ஒருவரும் எடுக்கிறார்கள் இல்லை.